சத்தியம் செய்யாத சபை: குவேக்கர்களின் நேர்மையும் கூட்டு வாழ்வும்

1664ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லங்காஸ்டர் நீதிமன்றத்தில் மார்கரெட் ஃபெல் என்ற பெண்மணி குற்றவாளிக் கூண்டில் நின்றார். வயது ஐம்பது. ஒரு நீதிபதியின் விதவை. ஸ்வார்த்மூர் ஹால் என்ற பெரிய வீட்டின் எஜமானி. அரசருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று பைபிள் மீது சத்தியம் செய்தால் அன்றே வீட்டுக்குப் போகலாம். அவருக்கு அரசர் மீது எந்தப் பகையும் கிடையாது. விசுவாசமாகவே இருக்கிறேன் என்று வாயால் சொல்லவும் தயாராக இருந்தார். ஆனால் சத்தியம் மட்டும் செய்ய மாட்டேன் என்றார். சொத்தெல்லாம் பறிமுதல், ஆயுள் முழுக்கச் சிறை என்று தீர்ப்பு வந்தது. 1668இல் அரசரின் ஆணையால் வெளியே வரும்வரை லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் கிடந்தார்.

அதே ஆண்டில் அதே ஊரில் அதே காரணத்துக்காக இன்னொருவரும் விசாரிக்கப்பட்டார். இருவரும் குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையினர். இந்த இரண்டாமவர் அந்த இயக்கத்தைத் தொடங்கி வைத்த ஜார்ஜ் ஃபாக்ஸ், லெஸ்டர்ஷயரைச் சேர்ந்த நெசவாளியின் மகன். சத்தியம் செய்யச் சொல்லி என் கையில் கொடுத்த இதே புத்தகம் சத்தியம் செய்யாதே என்கிறதே, நான் என்ன செய்வது என்று நீதிபதியிடம் கேட்டார். மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவில் இயேசு சொல்வதைத்தான் அவர் சுட்டினார். உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள், அதற்கு மிஞ்சி எதுவும் வேண்டாம் என்பது அங்கே வரும் போதனை.

வேத வசனத்துக்குக் கீழ்ப்படிவது ஒரு காரணம். அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. நீதிமன்றத்தில் சத்தியம் செய்துவிட்டு உண்மை சொல்கிறேன் என்றால், சத்தியம் செய்யாத நேரத்தில் நான் சொல்வதற்கு என்ன மதிப்பு? சந்தையிலும் வீட்டிலும் பேசும் பேச்சு ஒரு தரம், நீதிபதி முன்னால் பேசுவது உயர்ந்த தரம் என்றா? எல்லா இடத்திலும் ஒரே பேச்சுதான் என்பது குவேக்கர்களின் நிலை. அதற்காக நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள், பலர் சிறையிலேயே செத்தார்கள். சத்தியம் செய்ய மறுப்பதையே குற்றமாக்கி 1662இல் தனிச் சட்டமே போட்டார்கள்.

இதைப் படிக்கும்போது தனி மனிதர்களின் மனவுறுதிதான் முதலில் கண்ணில் படும். உறுதி இருந்தது உண்மைதான். ஆனால் குவேக்கர் வரலாற்றை நெருங்கிப் பார்க்கப் பார்க்க எனக்குத் தோன்றுவது வேறு. இவர்களிடம் நேர்மை என்பது தனி ஆளின் குணமாக விடப்படவில்லை. ஒரு சபை சேர்ந்து காக்கும் பழக்கமாக, கணக்கு வைத்து, கேள்வி கேட்டு, ஒருவரை ஒருவர் தாங்கி நடத்தும் ஏற்பாடாக இருந்தது. அந்த ஏற்பாடு எங்கே பலமோ அங்கேதான் அதன் பலவீனமும் இருக்கிறது.

மார்கரெட் ஃபெல் சிறைக்குப் போவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, 1654இல், கெண்டல் என்ற ஊரில் ஒரு பொது நிதி தொடங்கியிருந்தார். ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர்களின் வழிச்செலவுக்கும், சிறைப்பட்டவர்களின் குடும்பத்துக்கும் அந்த நிதியிலிருந்து பணம் போனது. யாருக்குச் செருப்பு வாங்கினோம், யாருக்கு உடுப்பு வாங்கினோம் என்பது வரை கணக்கில் எழுதினார்கள். 1670களில் லண்டனில் ஒரு நிரந்தரக் குழு அமைத்தார்கள். யார் எந்த ஊரில் எதற்காகச் சிறைப்பட்டார், யாருடைய மாடும் பாத்திரமும் ஜப்தி ஆனது என்பதையெல்லாம் சேகரித்துப் பெரிய பேரேடுகளில் பதிவதும், அதை வைத்து அதிகாரிகளிடம் முறையிடுவதும் அதன் வேலை. பிரிஸ்டல் நகரில் 1682இல் பெரியவர்களை எல்லாம் சிறையில் அடைத்தபோது, பிள்ளைகளே கூடி உட்கார்ந்து வழிபாட்டை விடாமல் நடத்தினார்கள், அடியும் வாங்கினார்கள். பிடிபட்டால் வீடு என்ன ஆகும் என்ற கவலைக்குப் பதில் இருந்ததால்தான் ஒரு சாதாரண விவசாயி நீதிபதி முன்னால் நின்று மாட்டேன் என்று சொல்ல முடிந்தது.

சட்டம் மெதுவாக வழிக்கு வந்தது. சத்தியத்துக்குப் பதில் உறுதிமொழி சொல்லலாம் என்று 1696இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆனால் அந்த உறுதிமொழியிலும் கடவுளைச் சாட்சிக்கு அழைக்கும் சொற்கள் இருந்தன. இதுவும் சத்தியம்தானே என்று குவேக்கர்களில் ஒரு பகுதியினர் ஏற்கவில்லை. 1722இல் அந்தச் சொற்களை எடுத்த பிறகே சமாதானம் ஆனார்கள். குற்றவியல் வழக்குகளில் உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்லும் உரிமை வர 1828 ஆனது. 1833இல் ஜோசப் பீஸ் என்ற குவேக்கர் சத்தியம் செய்யாமலே நாடாளுமன்றத்தில் அமர்ந்தார். பிறகு மத நம்பிக்கை இல்லாத சார்லஸ் பிராட்லா நடத்திய நீண்ட போராட்டத்தின் பலனாக, 1888 முதல் அந்த உரிமை எல்லாருக்கும் பொதுவானது. நம் அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை கடவுள் பெயரால் ஆணையிடவும் உளமார உறுதி கூறவும் இரண்டு வழி கொடுக்கிறது. திராவிட இயக்கத்து அமைச்சர்கள் பலர் இரண்டாவதைத் தேர்ந்தெடுப்பதை நாம் பார்த்திருக்கிறோம். ஆங்கிலச் சட்டத்திலிருந்து வந்த அந்த இரண்டாவது வழியின் ஆரம்பத்தில் லங்காஸ்டர் சிறைவாசிகள் இருக்கிறார்கள்.

அப்புறம் கடைக்கு வருவோம். அன்றைய இங்கிலாந்தில் பேரம் பேசாமல் எதுவும் விற்காது. கடைக்காரர் இரண்டு மடங்கு சொல்வார், வாங்குபவர் பாதிக்குக் கேட்பார், நடுவில் எங்கோ முடியும். உண்மையில் பெற நினைக்காத விலையைச் சொல்வது பொய் என்று குவேக்கர்கள் முடிவு செய்தார்கள். ஒரே விலை, அதுவே கடைசி விலை. கூடவே யாருக்கும் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வதும் இல்லை. முதலில் வியாபாரம் படுத்தது. போகப் போக, ஒரு குழந்தையை அனுப்பினாலும் இந்தக் கடையில் ஏமாற்ற மாட்டார்கள் என்று ஊருக்குத் தெரிந்தது. கூட்டம் வந்தது. தன் காலத்திலேயே இந்த மாற்றம் நடந்ததை ஃபாக்ஸ் எழுதியே வைத்திருக்கிறார். பல்கலைக்கழகங்களும் அரசுப் பதவிகளும் அவர்களுக்கு மூடிக் கிடந்ததால், திறமையெல்லாம் வியாபாரத்திலும் தொழிலிலும் குவிந்தது. பார்க்ளேஸ், லாய்ட்ஸ் வங்கிகளும், கேட்பரி, ஃப்ரை, ரவுன்ட்ரீ சாக்லேட் கம்பெனிகளும் குவேக்கர் குடும்பங்களின் கையால் வந்தவை.

இதைச் சொல்பவர்கள் நாணயமே நல்ல முதலீடு என்ற பாடத்தோடு பெரும்பாலும் நிறுத்திவிடுகிறார்கள். அதோடு நிற்பது எனக்கு ஒப்பவில்லை. அந்த நாணயத்துக்குச் சபை வாங்கிய விலை கடுமையானது. பேச்சில் நேர்மை உண்டா, கொடுக்கல் வாங்கலில் நியாயம் உண்டா, வாக்குக் கொடுத்ததை நேரத்துக்கு நிறைவேற்றுகிறார்களா என்று மேல்மட்டக் கூட்டம் எழுதிக் கேட்கும். உள்ளூர்க் கூட்டம் தன் உறுப்பினர்களைப் பற்றி எழுதியே பதில் சொல்ல வேண்டும். ஒருவர் கடனில் சரிகிறார் என்று தெரிந்தால் இரண்டு மூன்று பேர் வீட்டுக்குப் போய்க் கணக்குப் புத்தகத்தைக் கேட்பார்கள். நொடித்துப் போய் மற்றவர் பணத்தைத் தர முடியாமல் போனால் உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவார்கள். நீக்கப்பட்டவர் வழிபாட்டுக்கு வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் நிர்வாகக் கூட்டத்தில் இடமில்லை, அவர் தரும் நன்கொடையையும் வாங்க மாட்டார்கள். திவால் சட்டம் கடனிலிருந்து விடுவித்தாலும், பின்னாளில் கையில் காசு வந்தால் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்பதே சபையின் எதிர்பார்ப்பு.

நியூகேட் சிறையில் பெண் கைதிகளுக்காக உழைத்து ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்றவர் எலிசபெத் ஃப்ரை. 1828இல் அவருடைய கணவர் ஜோசப் ஃப்ரையின் வங்கி விழுந்தது. மனைவியின் புகழைப் பார்த்துச் சபை கண்ணை மூடிக்கொள்ளவில்லை. கணவரை நீக்கினார்கள். அந்தக் குடும்பம் பட்ட அவமானத்தை நினைத்தால் மனம் கனக்கிறது. தப்பே செய்யாமல் சந்தை சரிவில் வீழ்ந்தவருக்கும், துணிந்து ஏமாற்றியவருக்கும் கிட்டத்தட்ட ஒரே தண்டனை என்பது நியாயமா என்ற கேள்விக்கு இன்றைய குவேக்கர்களும் ஆம் என்று சொல்ல மாட்டார்கள். தொழில் நொடித்ததற்காக ஆளை நீக்கும் வழக்கம் அவர்களிடம் இப்போது இல்லை.

இன்றைய சபை எப்படி நடக்கிறது? பிரிட்டனில் உள்ள வழக்கத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய முறை அங்கே அதிகம் மிச்சமிருக்கிறது. ஞாயிறு காலை ஒரு சாதாரண அறையில் வட்டமாகவோ சதுரமாகவோ நாற்காலிகள். போதகர் இல்லை, பாட்டு இல்லை, ஞானஸ்நானம், நற்கருணை போன்ற சடங்கும் இல்லை. ஒரு மணி நேரம் எல்லாரும் மௌனமாக இருப்பார்கள். யாருக்காவது பேசியே ஆக வேண்டும் என்று உள்ளிருந்து உந்துதல் வந்தால் எழுந்து நின்று சில வார்த்தை சொல்லி உட்காருவார். கடைசியில் கை குலுக்கினால் வழிபாடு முடிந்தது. அப்புறம் டீ, அறிவிப்புகள், வீட்டு விசாரிப்பு.

குவேக்கர் சபையின் உயிர் இருப்பது இந்த ஞாயிறு மௌனத்தில் என்பார்கள். எனக்கென்னவோ அது நிர்வாகக் கூட்டத்தில்தான் முழுசாகத் தெரிகிறது என்று தோன்றுகிறது. கூரை ஒழுகுவது, வாடகை உயர்த்துவது, புது உறுப்பினரைச் சேர்ப்பது, போரை எதிர்த்து அறிக்கை விடுவது என எல்லாமே அங்கே வரும். அந்தக் கூட்டமும் வழிபாடுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. மௌனத்தில் தொடங்கி மௌனத்தில் முடியும். நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் வருடாந்தரக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு பாருங்கள், வித்தியாசம் புரியும்.

கூட்டத்துக்குத் தலைவர் கிடையாது, கிளார்க் என்று ஒருவர் உண்டு. விஷயத்தை முன்வைப்பதும், பேச விரும்புகிறவரை அழைப்பதும், கூட்டத்தின் மனம் எந்தப் பக்கம் போகிறது என்று கவனிப்பதும் அவர் வேலை. தன் கருத்தைத் திணிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஒருவர் எழுந்து பேசி உட்கார்ந்ததும் அடுத்தவர் உடனே எழ மாட்டார். சற்று நேரம் அமைதி. பேசுகிறவர் முன்னால் பேசியவரைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை, எல்லாரையும் நோக்கியே பேசுவார். முன்பே வந்த கருத்தைத் திரும்பச் சொல்வது மரியாதையல்ல. பொதுவாக ஒருவர் ஒரு விஷயத்தில் ஒரு முறைதான் எழுவார். முக்கியமாக, வீட்டிலிருந்தே முடிவு கட்டிக்கொண்டு வரக்கூடாது. ஆள் சேர்த்துக்கொண்டு வருவதை நினைத்தே பார்க்க மாட்டார்கள்.

ஓட்டெடுப்பு கிடையாது. இதைக் கேட்டதும் ஏகமனதாக முடிவெடுக்கிறார்கள் போல என்று தோன்றும். அப்படியும் இல்லை. இருபது பேரின் விருப்பங்களைக் கூட்டிக் கழித்து நடுவில் ஒன்றைப் பிடிப்பது அவர்கள் நோக்கம் கிடையாது. இந்தக் காரியத்தில் கடவுளின் சித்தம் என்ன என்று எல்லாரும் சேர்ந்து தேடுவதாக அவர்கள் கருதுகிறார்கள். அதனால் ஒரே ஒருவர் சொன்னது மொத்தக் கூட்டத்தையும் திருப்பிவிடலாம். அதே சமயம் ஒருவர் பிடிவாதமாக மறுத்தால் அது தானாகவே தடை ஆகிவிடாது. அந்த மறுப்புக்கு எவ்வளவு கனம் உண்டு என்பதைக் கிளார்க்கும் கூட்டமும் உணர வேண்டும். எனக்கு உடன்பாடில்லை, ஆனால் கூட்டத்தின் வழியை மறிக்கவில்லை என்று சொல்லி ஒதுங்கி நிற்கவும் வழி உண்டு. தெளிவு வராவிட்டால் அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது மினிட், அதாவது கூட்டத்தின் முடிவுப் பதிவு, எழுதும் முறை. நம் சங்கங்களில் கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்துச் செயலாளர் நினைவிலிருந்து எழுதுவார். அதை அடுத்த கூட்டத்தில் யாரும் படிக்காமலே நிறைவேற்றுவோம். குவேக்கர் கூட்டத்தில் கிளார்க் அங்கேயே, அப்போதே எழுதுவார். அவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர்கள் பேசாமல் காத்திருப்பார்கள். எழுதியதை உரக்கப் படிப்பார். இந்தச் சொல் சரியில்லை, நாங்கள் கவலையோடு ஏற்றோம், மகிழ்ச்சியோடு என்று எழுதியிருக்கிறீர்களே என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்துவார். எல்லாரும் ஏற்றால்தான் அது பதிவு. கூட்டம் கலைந்த பிறகு ஓர் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. நாங்கள் அப்படியா சொன்னோம் என்று வெளியே வந்து யாரும் கேட்க முடியாது, ஏனென்றால் அதை எழுதும்போது எல்லாரும் அங்கே இருந்தார்கள். சண்டையில் ஜெயிக்க ஒன்றும் இல்லாத இடத்தில் மிகைப்படுத்திப் பேசவும் மறைத்துப் பேசவும் தேவை குறைகிறது. அப்படிப்பட்ட ஓர் அறையில் வருடக்கணக்காக உட்கார்ந்தவர் வெளியே போயும் வேறு மாதிரிப் பேசுவது கடினம்.

இத்தனை கவனமாகச் செய்த ஏற்பாடு, மிகப் பெரிய ஓர் அநியாயத்தைப் பல பத்தாண்டுகள் தள்ளிப்போடவும் உதவியது. இதைச் சொல்லாமல் குவேக்கர் நேர்மையைப் பற்றி எழுதுவது சரியாகாது.

1688இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு பேர் ஒரு மனு எழுதினார்கள். மனிதரை விற்பதும் வாங்குவதும் திருட்டோடு சேர்த்தி, நம்மை யாராவது இப்படிப் பிடித்து விற்றால் ஏற்போமா என்பது அதன் சாரம். உள்ளூர் நிர்வாக அமைப்பான மாதக் கூட்டம் படித்தது. விஷயம் கனமானது, இங்கே தீர்க்க முடியாது என்று காலாண்டுக் கூட்டத்துக்கு அனுப்பியது. அங்கேயும் அதே பதில், அந்த வட்டாரக் குவேக்கர்களின் உச்ச அமைப்பான ஆண்டுக் கூட்டத்துக்குப் போனது. ஆண்டுக் கூட்டம் தீர்ப்புச் சொல்வது உசிதமில்லை என்று ஒதுக்கியது. மனு காகிதக் கட்டுக்குள் போய், 1844இல்தான் மீண்டும் கிடைத்தது. ஒவ்வொரு படியிலும் முறைப்படிதான் நடந்துகொண்டார்கள். அன்று பென்சில்வேனியாவின் செல்வாக்குள்ள குவேக்கர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதே அந்த நிதானத்துக்கு உண்மையான காரணம்.

பெஞ்சமின் லே அந்த நிதானத்தைப் பொறுக்கவில்லை. நான்கடி உயரம், கூன் முதுகு, முன்னாள் கப்பல் தொழிலாளி. பார்படாஸ் தீவில் அடிமைகள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தவர். 1738இல் நியூ ஜெர்சியின் பர்லிங்டனில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்றார். மேலங்கியைக் கழற்றினால் உள்ளே சிப்பாய் உடுப்பும் வாளும். கையில் நடுப்பகுதியைக் குடைந்த ஒரு புத்தகம், அதற்குள் சிவப்புச் சாறு நிரப்பிய பை. சக மனிதரை அடிமையாக வைத்திருப்பவர்களின் இரத்தத்தைக் கடவுள் இப்படிச் சிந்துவார் என்று முழங்கி வாளால் குத்தினார். சாறு அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் மேல் தெறித்தது. அவரைத் தூக்கி வெளியே போட்டார்கள், உறுப்பினர் பட்டியலிலிருந்தும் நீக்கினார்கள். அபிங்டன் அருகே ஒரு குகையில் வாழ்ந்து, அடிமை உழைப்பில் விளைந்த எதையும் தொடாமல் 1759இல் இறந்தார்.

ஜான் உல்மன் அவருக்கு நேர் எதிரான சுபாவம். கடையில் குமாஸ்தாவாக இருந்த இளவயதில் முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்பதற்குப் பத்திரம் எழுதச் சொன்னார். மனம் ஒப்பாமலே எழுதிக் கொடுத்தார். இது கிறிஸ்தவ நெறிக்கு ஒத்ததல்ல என்று அப்போதே முதலாளியிடமும் வாங்கியவரிடமும் சொன்னாலும், கை எழுதிவிட்டது. அந்த உறுத்தல் அவரை விடவில்லை. அடுத்து ஒருவர் அப்படிப் பத்திரம் கேட்டபோது மறுத்துவிட்டார். பிறகு வருடக்கணக்காக நடந்தும் குதிரையிலும் ஊர் ஊராகப் போய், அடிமை வைத்திருந்த குவேக்கர் வீடுகளில் தங்கி, வீட்டுக்காரரிடம் தனியாகப் பேசினார். அந்த வீட்டில் சாப்பிட்டதற்கு அடிமைகளின் கையில் காசு கொடுத்துவிட்டுப் புறப்படுவார். அவமானப்படுத்தவில்லை, விட்டுக்கொடுக்கவும் இல்லை. 1758இல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டத்தில் இனியும் தள்ளிப்போட முடியாது என்ற நிலை வந்தது. அடிமைகளை வாங்கி விற்பவர்களை நிர்வாகக் கூட்டத்திலிருந்து விலக்கி வைக்கவும், அடிமை வைத்திருக்கும் ஒவ்வொரு உறுப்பினரையும் நேரில் பார்த்துப் பேசவும் முடிவு செய்தார்கள். வீடு வீடாகப் போன குழுவில் உல்மனும் இருந்தார். 1776இல் அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமே இல்லை என்றானது. ஜெர்மன்டவுன் மனுவிலிருந்து 88 ஆண்டுகள்.

உல்மனைப் போற்றுபவர்கள் லேயை ஒரு கோமாளி போலச் சொல்லிவிட்டுக் கடப்பதுண்டு. என் கணிப்பில் இருவரும் இல்லாமல் அந்த முடிவு வந்திருக்காது. எல்லாரும் சேர்ந்து தெளிவுக்கு வரும்வரை காத்திருப்போம் என்னும் சபையில், காத்திருப்பின் செலவை யார் சுமக்கிறார்கள் என்று ஒருவர் உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. அந்தச் செலவைச் சுமந்தவர்களுக்கு அந்த அறையில் நாற்காலியே இல்லை. லேயை அன்று நீக்கிய கூட்டங்களின் வாரிசுகள் 2017, 2018இல் அது தவறு என்று மினிட் எழுதினார்கள். அபிங்டன் இடுகாட்டில் அவர் பெயரிலும் மனைவி சாரா பெயரிலும் ஒரு கல் நட்டார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே சோதனை வேறு உருவில் வந்தது. பர்மிங்காம் அருகே தொழிலாளர்களுக்காக போர்ன்வில் என்ற அழகான ஊரையே உருவாக்கிய கேட்பரி குடும்பம், கோகோவின் பெரும்பங்கைப் போர்ச்சுகல் ஆட்சியில் இருந்த சாவோ டோமே தீவிலிருந்து வாங்கியது. 1901இல் அங்கே ஒரு தோட்டம் விற்பனைக்கு வந்தபோது, சொத்துப் பட்டியலில் மாடுகளோடும் கருவிகளோடும் தொழிலாளர்களும் விலை போட்டு எழுதப்பட்டிருந்ததை வில்லியம் கேட்பரி பார்த்தார். விசாரிக்கத் தொடங்கினார்கள். அரசோடு பேசினார்கள், லிஸ்பனுக்குப் போனார்கள், ஜோசப் பர்ட் என்பவருக்குப் போர்ச்சுகீசியம் கற்பித்து 1905இல் நேரில் பார்க்க அனுப்பினார்கள். கவனமான, முறையான விசாரணைதான். ஆனால் அத்தனை ஆண்டும் கோகோ வந்துகொண்டே இருந்தது. வாங்குவதை நிறுத்தியது 1909 மார்ச்சில். இரட்டை வேடம் என்று எழுதிய ஸ்டாண்டர்ட் பத்திரிகை மீது அவதூறு வழக்குப் போட்டார்கள். நடுவர்கள் கேட்பரி பக்கம்தான் தீர்ப்புச் சொன்னார்கள், இழப்பீடு ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. சட்டப்படி நீங்கள் ஜெயித்தீர்கள், அதற்கு மேல் எங்களிடம் எதிர்பார்க்காதீர்கள் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

சிறிய அளவில் பார்த்தால் இந்த முறை இன்றும் நன்றாக வேலை செய்யும் இடங்கள் உண்டு. அவற்றில் தெளிவுக் குழு என்பதை முதலில் சொல்வேன். பழைய காலத்தில் கல்யாணம் செய்ய விரும்புகிறவர்களுக்கு வேறு வாக்குறுதி எதுவும் இல்லை என்று விசாரித்து உறுதி செய்ய இரண்டு பேரை அனுப்பியதில் தொடங்கிய வழக்கம் அது. இப்போது வேலையை விடலாமா, வயதான அம்மாவை எங்கே வைத்துப் பார்ப்பது என்று குழம்பி நிற்கும் யாரும் கேட்கலாம். சபையிலிருந்து நாலைந்து பேர் அவரோடு இரண்டு மூன்று மணி நேரம் உட்காருவார்கள். புத்தி சொல்லக்கூடாது, தன் அனுபவத்தைச் சொல்லக்கூடாது, சமாதானப்படுத்தவும் கூடாது. கேள்வி மட்டுமே கேட்கலாம், அதுவும் பதில் தெரியாத கேள்வியாக இருக்க வேண்டும். ஒரு டாக்டரைப் பார்க்கக்கூடாதா என்பது கேள்விக்குறி போட்ட அறிவுரை, அதற்கு அனுமதி இல்லை. இந்த முடிவை நினைக்கும்போது உங்களுக்குப் பயம் எதில் என்பது கேட்கத் தகுந்தது. பேசியது எதுவும் அறையை விட்டு வெளியே போகாது. நம் வீடுகளில் சொந்தக்காரர்கள் கூடினால் பாசத்தோடு புத்திமதி வந்து கொட்டும். கேட்பதற்காகவே நாலு பேர் உட்காருவது எவ்வளவு அபூர்வம் என்று யோசித்துப் பாருங்கள்.

கல்யாணமும் அப்படித்தான். நடத்தி வைக்கக் குருவானவர் இல்லை. மௌனக் கூட்டத்தின் நடுவே மணமக்கள் எழுந்து ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பார்கள். பிறகு வந்திருக்கும் அத்தனை பேரும், குழந்தைகள் உட்பட, சான்றிதழில் கையெழுத்துப் போடுவார்கள்.

போதகர் இல்லாத சபையில் எல்லா வேலையும் உறுப்பினர் தலையில்தான். கணக்குப் பார்க்க, நோயாளியைப் பார்க்க, பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க, டீ போட என்று ஒவ்வொன்றுக்கும் ஆள் வேண்டும். பெரும்பாலும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை பொறுப்பை மாற்றுவார்கள். உறுப்பினர் குறைந்து வயதும் ஏறிவரும் பிரிட்டன் சபைகளில் இது பெரிய பாரமாகிவிட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு. அமைதியை நேசிக்கும் சபையில் மனத்தாங்கலை வெளியே சொல்வது கஷ்டம். முகத்துக்கு நேரே சொல்லாமல் மௌனத்துக்குள் ஒளித்து வைப்பது அமைதி போலத் தோன்றும், உள்ளே புழுங்கும். உண்மை பேசுவதைத் தலையாய கடமையாக வைத்த சபைக்கு இது சின்னக் குறையல்ல.

தமிழ் வாசகர்களுக்கு இவர்கள் முற்றிலும் அன்னியர் இல்லை. உப்புச் சத்தியாகிரகத்துக்கு முன் 1930 மார்ச்சில் வைஸ்ராய் இர்வினுக்குக் காந்தி எழுதிய கடிதத்தைக் கொண்டுபோனவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற இளம் குவேக்கர். 1928இல் சென்னை பென்டிங்க் பள்ளிக்கு ஆசிரியையாக வந்து, தமிழ் கற்று, பின்னர் குவேக்கரான மார்ஜரி சைக்ஸ் காந்தியின் ஆதாரக் கல்விப் பணியில் சேர்ந்தார். கோத்தகிரியிலும் நெடுநாள் இருந்தார். திருவனந்தபுரத்தில் பூச்சு இல்லாத செங்கல் கட்டடங்களை எழுப்பிய லாரி பேக்கரும் குவேக்கர்தான். செங்கல் செங்கலாகவே தெரியட்டும் என்ற அவருடைய பிடிவாதத்துக்குள் அந்தச் சபையின் பாதிப்பு இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

இப்படிச் சேர்ந்து தேடி முடிவெடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அண்மைக் கால உதாரணம் 2009. அந்தக் கோடையில் யார்க் நகரில் பிரிட்டன் ஆண்டுக் கூட்டம் கூடியது. ஒரே பாலினத்தவரின் திருமணத்தை மற்றத் திருமணங்களைப் போலவே நடத்துவோம், சட்டத்தையும் மாற்றும்படி அரசைக் கேட்போம் என்று ஓட்டில்லாமலே முடிவு செய்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் மாறி நடைமுறைக்கு வந்தது 2014இல். பல பத்தாண்டுகள் உள்ளூர்க் கூட்டங்களில் பேசியும் கேட்டும் கனிந்த முடிவு அது. ஆனால் உலகக் குவேக்கர்களில் மிகப் பெரிய பகுதி கென்யாவில் இருக்கிறது. 1902இல் கைமோசியில் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய அந்தச் சபைகளில் போதகரும் பாட்டும் பிரசங்கமும் உண்டு, இந்த விஷயத்தில் பெரும்பாலானவர்கள் நேர் எதிர் நிலையில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் இதே கேள்வியில் 2013இல் இந்தியானா ஆண்டுக் கூட்டம் பிரிந்தது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய வட கரோலினா ஆண்டுக் கூட்டம் 2017இல் கலைந்தது. ஓட்டெடுப்பு இருந்திருந்தால் தோற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே இருந்திருக்கலாம். சேர்ந்து தேடுவதை நம்பி நடக்கும் சபையில் அந்த வசதி இல்லை. சேர்ந்து கேட்க முடியாது என்று தெரிந்தால் பிரிவதைத் தவிர நேர்மையான வழி அவர்களுக்குத் தெரியவில்லை. 1827இல் பிலடெல்பியாவில் இப்படித்தான் பிரிந்தார்கள். ஒரே நகரத்தில் இரண்டு ஆண்டுக் கூட்டங்கள் தனித்தனியாக நடந்தன. முதல் உலகப் போர்க் காலத்தில் பசித்தவர்களுக்குச் சோறு போடும் நிவாரண வேலையில் இரு தரப்பு இளைஞர்களும் ஒன்றாக இறங்கினார்கள். அந்தப் பழக்கம் வளர்ந்து, இரண்டு கூட்டங்களும் 1955இல் மறுபடி ஒன்றாயின.